காலி மூலை

கெமி துறைமுகத்தில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
எடைமேடைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு.
மரம் ஏற்றிய லாரிகள் வடக்கிலிருந்து
நாற்பது நிமிடத்துக்கு ஒன்றாக
வரும், நிற்கும், ஓர் எண்ணாகும், போகும்.
நடுவில் கிடைக்கும் நேரத்தில்
யாரோ ஒருவனின் தோளுக்குப் பின்னால் நின்று
அவன் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சம்பளம் கிடையாது.
பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள்:
சந்தேகம் எண் 3317, ஆட்டப் பதிவு ஒன்று,
கீழே இரண்டு பொத்தான்கள்.

புதிதாக வந்தவர்கள் குறியைப் பார்ப்பார்கள்.
சுட்டதெல்லாம் தலையில் விழுகிறதே, கள்ளன், என்பார்கள்.
நான் குறியைப் பார்ப்பதை விட்டு இரண்டு வருடமாகிறது.
நான் பார்ப்பது காலி மூலைகளை.

ஒருவேளை யாராவது இருந்துவிட்டால் என்று
யாருமில்லாத படிக்கட்டின் அடியில்
நேர்மையாக ஆடுகிறவன் எட்டிப் பார்ப்பான்.
பீப்பாய்க்குப் பின்னால், கதவிடுக்கில்,
வெறும் இருட்டுக்கு நாலு குண்டு தண்டம் அழுவான்.
தெரியாதவனின் கழுத்து
ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும்.

3317 திரும்பவே இல்லை.
பதினொரு சுற்று.
சந்தை நடுவே அவன் போனது
சொந்த வீட்டில் காலுறையோடு நடப்பதுபோல.
சுவரின் வெற்றுப் பூச்சின்மேல் அவன் குறிமுள்
மெல்ல ஊர்ந்தது,
அந்தப் பக்கம் ஊர்கிறவனோடு சேர்ந்து.

இருந்தும் உடனே அழுத்த விரல் வரவில்லை.
காரணம் யோயென்சூ பையன்.
போன குளிர்காலத்தில் நான் தடைசெய்தவன், பதினாறு வயது,
அவனும் இப்படித்தான் சுவரைப் பார்த்தான்.
ஒன்பது மாதம் கழித்து அவனை நேரில் உட்கார வைத்து
வேறு கணினியில் ஆடச் சொல்லிச் சோதித்தார்கள்.
அப்படியே ஆடினான்.
காது. வேறொன்றுமில்லை.
காலடிச் சத்தத்தில் ஆள் நிற்கிற படியையே சொன்னானாம்.
தடையை நீக்கினார்கள். அவன் திரும்பி வரவில்லை.
மன்னிப்பு என்று மூன்று வரி எழுதி
மூன்றையும் அழித்தேன்.

அதனால் 3317ஐ முதலிலிருந்து, சத்தத்தை ஏற்றிவைத்து.
கம்பளத் தரை, மூடிய அறை,
எதிரி அசையாமல் பதுங்கியிருக்கிறான்,
கேட்க ஒன்றுமே இல்லை.
முள் அங்கேதான் போய் நிற்கிறது.

பன்னிரண்டாம் சுற்றில் அரட்டையில் ஒருவன் கேட்கிறான்:
என்னப்பா, சுவருக்குள்ளே பார்க்கிறாயா?
அடுத்த நொடியிலிருந்து இவன்
மூலை மூலையாகத் தேட ஆரம்பிக்கிறான்,
சுகாதார ஆய்வாளர் வந்ததும்
பாத்திரம் துலக்குகிற ஹோட்டல்காரன்போல.
எல்லாம் காலி மூலைகள்.
ஆள் இருந்த மூலை ஒன்றைக்கூட
மறந்தும் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்குள் ஹெய்மோவின் லாரி.
மரத்தின்மேல் முழங்கை ஆழத்துக்குப் பனி.
அதையும் சேர்த்தே போடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றான்.
தள்ளிவிட்டு வா என்றேன்.
திட்டிக்கொண்டே மண்வாரியோடு ஏறினான்.

திரையில் கடைசிச் சுற்று முடிந்திருந்தது.
ஜெயித்தவன் கத்தியை உருவி
இரண்டு முறை சுழற்றினான்.
சுவரைப் பார்த்து ஒரு குதி.
பிறகு குத்தவைத்து உட்கார்ந்தான்.

இதை நான் ஆறு வருடமாகப் பார்த்து வருகிறேன்.
வியாழன்தோறும், எங்கள் ஐந்து பேரில்
என் இடப்பக்கம் காவல் நிற்கும் ரௌனோ
ஜெயித்தால் இப்படித்தான் உட்காருவான்.
நாங்கள் வென்ற பிளாஸ்டிக் கோப்பை
இந்த ஜன்னலில்தான் இருக்கிறது, பேனாக்கள் போட்டிருக்கிறேன்.

இங்கே யாருமில்லை, வா, என்பான் காதுக்குள்.
நானும் போவேன்.
ஒரு தடவைகூட
அங்கே யாரும் இருந்ததில்லை.

ஹெய்மோ ஹார்ன் அடிக்கிறான்.
எடையில் நானூறு கிலோ குறைந்திருக்கிறது.
எழுதிக்கொண்டேன்.
பிறகு இடப்பக்கப் பொத்தானையும் அழுத்தினேன்.

இந்த மாதத்தில் இங்கே விடிவதே
பதினொரு மணிக்குத்தான்.
நாளை வியாழன்.